வயோமிங்குக்கு ஒரு பெயர்

...சாலை முடியும் இடத்தில் கூடாரம் போட்டால் மறுநாளே பக்கத்தில் பத்துக் கூடாரம் முளைத்துவிடும், அரசு நிலம்தானே, யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் அந்த ஓடையைத் தாண்டி வடக்குச் சரிவில் ஏறினால் வெயில் படாத இருண்ட மரக்கூட்டம், பகலில் எல்க் மான்கள் அங்கேதான் படுத்துக் கிடக்கும்... மார்லிஸ் கணினியில் வரைபடத்தைப் பெரிதாக்கினாள், எதிரே அவளுடைய அண்ணன் வெர்லின் அயோவா வழக்கப்படி சில்லிக் கறிக்குழம்பில் இனிப்பு இலவங்கப்பட்டை ரொட்டியை முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தான், என்ன சத்தம் இது, தொழுவத்து மாடுகூட இப்படி மெல்லாது, குழம்பு அவள் வைத்தது, வீடு அவளுடையது, அந்தச் சரிவைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், இவனுக்கு வாய் ஒன்றுதான் சொந்தம்.

"வேட்டை லைசென்ஸுக்கு ரெண்டு பேர் பேரையும் போட்டுட்டியா? இன்னிக்குச் சாயங்காலத்தோட முடியுதுடி."

"போடுறேன், போடுறேன்."

"ரொம்ப ஏத்தமான எடம் வேணாம் பாத்துக்க. போன வருஷம் மாதிரி உனக்கு மூச்சு முட்டிடப் போவுது."

எனக்கா... எனக்கா மூச்சு முட்டியது? வயோமிங் மலையில் அவள் சுட்ட ஆண் எல்க், முதல் ஆண் எல்க், தோலுரித்து ஒரு பின்தொடையைத் தோளில் கட்டி நிமிர்ந்தபோது இவன் பாறையில் சாய்ந்து கிடந்தான், உதடு நீலம், நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம், அயோவாவின் சோளக்காட்டுச் சமவெளியிலேயே வளர்ந்த நுரையீரல், அந்த உயரம் தாங்கவில்லை, தொடையை இறக்கி வைத்துவிட்டு இவனைத் தூக்கிக்கொண்டாள், பாதி சுமந்து பாதி இழுத்து இறக்கினாள், மருத்துவமனையில் விட்டுவிட்டுத் திரும்பி ஏறியபோது கரடி மிச்சம் வைத்தது எலும்பும் ஈயும்தான். ஊருக்கு வந்ததும் கூட்டுறவுக் கடையில் காபி குடிக்கிறவர்களிடம் இவன் சொன்ன கதை வேறு, தங்கச்சிக்கு முடியல, நான்தான் கீழ கூட்டிட்டு வந்தேன், கறி போச்சு. அவர்கள் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் சிரிக்கிறார்கள், என்ன மார்லிஸ், ஆக்ஸிஜன் வாங்கிட்டியா... அப்போதே ஏன் உடைத்துச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

வயோமிங்கில் வெளிமாநிலத்தாருக்கு வேட்டை உரிமம் குலுக்கலில்தான், குழுவாகச் சேர்ந்து போட்டால், கிடைத்தால் இருவருக்கும் கிடைக்கும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை. திரை கேட்டது, தனியாகவா, குழுவாகவா? தனியாக என்பதைத் தட்டினாள். தன் பெயர், பிறந்த தேதி, வடக்குச் சரிவு இருக்கும் வேட்டைப் பகுதியின் எண். அனுப்பினாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

வெர்லின் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தான், தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான். "மூச்சு முட்டுனது எனக்குத்தான். நான் மேல வரல மார்லிஸ். கீழ வண்டிகிட்டயே கெடக்குறேன். அன்னிக்கு நீ இல்லன்னா செத்திருப்பேன். கடையில அத்தன பேரு முன்னாடி அதச் சொல்ல வாய் வரலடி... நாளைக்குப் போய்ச் சொல்லிடுறேன்."

இப்போதா, பாவி, இதை இப்போதா சொல்கிறாய், ஒரு வருஷமாக வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்... விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம், குழுவாக மாற்றி மறுபடி அனுப்பலாம், இன்னும் நேரமிருக்கிறது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே காத்திருந்தாள், கேட்டதும் நெஞ்சு இளக வேண்டாமா? எழுந்துபோய் அவனுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், கை கணினி பக்கம் போகவில்லை, அந்த மரக்கூட்டத்தில், காற்று முகத்தில் அடிக்க, தான் மட்டும் நிற்பதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள், இவன் பொய் சொல்லியிருக்காவிட்டாலும் தனியாகத்தான் போட்டிருப்பேனோ, அந்தப் பொய் எனக்கு வசதியாகத்தான் இருந்ததோ... உண்மையைச் சொல்லி அந்தச் சாக்கையும் பிடுங்கிக்கொண்டானே என்று, முன்பைவிட அதிகமாக, அவன்மேல் எரிச்சல் வந்தது.