தன் விழாவிலிருந்து இடையில் எழும்பிப் போனவர்

1.
இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பாராளுமன்ற உறுப்பினர் ரபீக்கா அரசியலிலிருந்து ஓய்வு பெறுகிறார், வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா, அன்றைக்கு ஒரு மலரும் வெளியிடுகிறோம், இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று விழாக்குழுத் தலைவர் நிஸாம் கேட்டார். பெரிய மனதோடு ஒப்புக்கொண்டேன். எழுதியது இவ்வளவுதான்:

"பெண்குலத்தின் பெருவிளக்காய், சமூகத்தின் விடிவெள்ளியாய்"

அத்தோடு பேனை நின்றுவிட்டது. மலர்களில் வருகிற எல்லாருமே விடிவெள்ளிதான். கடைசியில் அந்த மலர் என் கட்டுரை இல்லாமலே வெளிவந்தது. அழகாகவும் வந்தது, அது எனக்கு வேறு கடுப்பு. அந்தக் கடுப்பில் எழுதுவதுதான் இந்தக் கதை.

2.
சாதனைகளுக்குக் குறைவில்லை. கொலன்னாவையில் வெள்ளம் ஏறிய நாளில் முழங்கால் தண்ணீரில் நின்று பால்மா பங்கிட்டவர் ரபீக்கா. பாராளுமன்றத்தில் தமிழில் பேச எழுந்தபோது மொழிபெயர்ப்புக் கருவி வேலை செய்யவில்லை என்றார்கள். அது வேலை செய்யும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல், உட்காரவும் மாட்டேன் என்று நின்றே இருந்தவர்.

நல்லது. ஆனால் கதைக்குச் சாதனை போதாது, ஆசை ஒன்று வேண்டும். அவருடைய ஆசை சின்னது. நிஸாமிடம் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார்: இந்த முறை கடைசிவரை இருப்பேன், சனங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். எம்பிமார் எங்கே சாப்பிடுகிறார்கள்? வருவார்கள், பேசுவார்கள், அடுத்த இடத்துக்கு ஓடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக எந்தக் கலியாணத்திலும் அவர் சோற்றைக் கண்டதில்லை.

ஆசைக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. பதவி போன ஒருத்தியோடு உட்கார்ந்து கதைக்க யாருக்கு என்ன இருக்கும்?

(இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். அந்த உரிமைகூட இல்லாவிட்டால் நான் கட்டுரையையே எழுதிக் கொடுத்திருப்பேனே.)

3.
விழா கிராஅத் என்ற குர்ஆன் ஓதலோடு தொடங்கியது. பொன்னாடைகள் ஏறஏற ரபீக்காவின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. வாழ்த்துப்பா நீண்டது. கவிஞர் பெயரை எழுதினால் அவர் கோபிப்பார், எழுதாவிட்டாலும் கோபிப்பார், ஆகவே...

விடுவோம். கடைசியாக ரபீக்கா ஏற்புரை பேசினார். சுருக்கமாக, அழகாக. பேசி முடித்ததும் சபையைப் பார்த்துத் தலையசைத்தார், கைப்பையை எடுத்தார், மேடையை விட்டு இறங்கி நடந்தார்.

பழக்கம், வேறொன்றுமில்லை! அவர் நடக்கவும் சபை எழுந்து வழிவிட்டது. நிஸாம் ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்து, ஏற்றி, மூடியும் விட்டார். உள்ளே அறிவிப்பாளர், பல வேலைகளுக்கு மத்தியிலும் வருகை தந்து சிறப்பித்தமைக்கு நன்றி கூறிக்கொண்டிருந்தார். அத்தனை பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

4.
வண்டி மரைன் டிரைவில் கடலோரமாகப் போனது. சாரதி பேர்னாட் கொட்டாஞ்சேனைக்காரர். ரபீக்காவின் முதல் தேர்தலிலிருந்து ஓட்டுகிறவர். வழக்கம்போலக் கேட்டார்:

"அடுத்தது எங்க, மேடம்?"

ரபீக்கா வாயைத் திறந்தார். சொல்ல ஓர் இடமும் இல்லை. நாளைக்கும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை.

"பேர்னாட், இது எங்கட விழாதானே?"

பேர்னாட் ஓரமாக நிறுத்திவிட்டார். தானும் மறந்துபோனதாகவும், அவர் எழும்பினவுடன் கை தானாக வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டதாகவும் சொல்லித் தலையைச் சொறிந்தார். ரபீக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்துவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னார்.

5.
முடிவுக்கு இரண்டு எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அவர் மேடைக்கே திரும்புகிறார், சபை எழுந்து நின்று கரகோஷம். கைதட்டல் அவருக்குப் புதிதா என்ன? மற்றதில் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்ப் பாணும் சம்பலும் சாப்பிடுகிறார். எனக்கே மனம் கேட்கவில்லை.

எனவே, பொன்னாடைகளை வண்டியிலேயே விட்டுவிட்டுச் சமையல் பக்கத்துக் கதவால் பெண்கள் பகுதிக்குள் நுழைகிறார். சஹன் வைத்தாயிற்று. பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். ஆறாவது ஆள் வராமல் கை வைப்பது அழகில்லை. மூலையில் ஒரு சஹனில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். அதிலொருத்தி அர்பா, யாரோ ஒரு வீட்டுக்கு நுகேகொடையிலிருந்து வாழ வந்த மருமகள். பேச்செல்லாம் நடந்த நேரம் அழுகிற பிள்ளையோடு வெளியே நின்றவள்.

"தாத்தா, இதில இரிங்க. ஒரு ஆள் இல்லாம சோறு ஆறுது."

(எங்களுக்குள் தாத்தா என்றால் அக்கா. மற்ற வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.)

மற்ற நால்வரும் பதறிப்போய்ப் பாதி எழும்பினார்கள். ரபீக்கா கையால் உட்காரச் சொன்னார். சேலையை ஒதுக்கித் தானும் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிக் கை வைத்ததும் அர்பா ஒரு நல்ல கோழித்துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிவிட்டாள். சந்தோஷம் என்றால் இதுதான் என்று எழுதலாம். எழுதிவிட்டேன்.

பிறகு அவள் கேட்டாள்:

"தாத்தா, நீங்க என்ன செய்ற?"

மற்ற நால்வரின் கையும் சோற்றில் அப்படியே நின்றது. ரபீக்கா யோசித்தார். பிறகு பதில் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது, அர்பாவுக்கும் வந்தது. மற்ற நால்வரும் மெல்ல மெல்லச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்கள்.

அந்தப் பதிலை நான் எழுதமாட்டேன். அந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்: கடைசி இனிப்பாக வட்டிலப்பம் வந்து, கோப்பைகள் போய், மண்டபக்காரர் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டிய பிறகும் அந்த ஆறு பேரும் எழும்பவில்லை.