பழந்துணிச் சீர்

கதிரவன் அம்பத்தூர்த் தொழிற்கூடங்களுக்கு அப்பால் சரிந்து, கொரட்டூர் ஏரியின் நீர்ப்பரப்பில் செம்பொற்குழம்பை ஊற்றினாற்போல் ஒளி பரப்ப, நீர்க்காகங்கள் சிறகுலர்த்திச் சேக்கை நாட, தொடர்வண்டியினின்று இறங்கிய பணிமாந்தர் திரள், பெருவெள்ளம் கால்வாய்களிற் பிரிவதுபோல் தெருக்கள்தோறும் பிரிந்து இல்லம் ஏகும் மாலைப்பொழுது அது. அவ்வேளையில், ஏரிக்கரையை அடுத்த மாடிவீடொன்றின் கீழறையில், மாண்டுபோன தன் தங்கை எழிலின் புடவைகளைத் தரையிற் பரப்பிவைத்து, கையில் கத்தரியோடு அமர்ந்திருந்தாள் ரேணுகா.

எழிலைக் காய்ச்சல் கொண்டுபோன பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அன்று தொட்டு ரேணுகாவின் உள்ளம், மரத்துப்போன கால்போல, இருப்பது தெரிந்தும் ஊன்ற இயலாததாய்க் கிடந்தது. உண்டாள், உறங்கினாள், பணிக்குச் சென்றாள். எழிலின் கணவன் பூபாலன் மறுமணம் புரிந்ததையும் எவர் வீட்டுச் செய்தியோபோலவே கேட்டுக்கொண்டாள். அவன் கொணர்ந்து ஒப்படைத்த புடவைப்பெட்டியை மட்டும் அவள் திறந்தாளில்லை.

அதைத் திறக்கவைத்தவள் பூபாலனின் புது மனைவி ஷர்மிளா. முந்தைய நாள் மாலை, நிறைசூலின் பாரம் சுமந்து, அயனம்பாக்கத்திலிருந்து தானிவண்டியேறி வந்த அவள், வாயிற்படியிலேயே தயங்கி நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. பொறக்கப் போற கொயந்தைக்குப் பழந்துணி வேணும். எங்கம்மா இல்ல, சேத்து வெச்சுத் தர எனக்கு யாரும் இல்ல. எழில் அக்கா பொடவைங்க உங்ககிட்ட கீதுன்னு அவரு சொன்னாரு."

சினமேனும் எழும் என்று காத்துப் பார்த்தாள் ரேணுகா; எழவில்லை. மறுப்பதற்கும் ஓர் உணர்ச்சி வேண்டுமன்றோ?

"தெச்சுத் தரேம்மா. பாத்துப் போ" என்றாள்.

ஆதலின் இப்போது கத்தரி ஓடிற்று. உடுத்து உடுத்துத் தேய்ந்த பருத்தி, அனிச்சமும் நாணும் மென்மை எய்தியிருந்தது. தோள் உராய்ந்து வெளிறிய இடத்தையும், மஞ்சட்கறை படிந்த முந்தானையையும் ஒதுக்காது, நைந்த ஓரங்களை மட்டும் களைந்து, மும்மடியாய் அடுக்கி, பிஞ்சு மேனியை விளிம்பு உறுத்தாவண்ணம் கையாலேயே நூலோட்டினாள். விரிப்புகளும், போர்வையும், ஈரம் மாற்றும் துணிகளும் ஒவ்வொன்றாய் உருக்கொண்டன. கண்ணீர் வரும் என்றெண்ணி இடையிடையே ஊசியை நிறுத்தினாள். வரவில்லை; மீண்டும் தைத்தாள்.

ஞாயிறன்று மூட்டையோடு அயனம்பாக்கம் சென்றாள். பூபாலனின் தாய் வேம்புலியம்மாள் ஒரு விரிப்பை எடுத்துப் பார்த்ததும் இன்னதென்று அறிந்து முகம் சுளித்தாள்.

"இன்னாம்மா இது? செத்தவ துணியப் பச்சக் கொயந்தைக்குப் போடுவாங்களா?"

"நாந்தான் கேட்டேன் அத்தே" என்றாள் ஷர்மிளா, குரலுயர்த்தாமல். "அவங்க கட்டித் தேஞ்ச துணி. புதுசு குத்தும்."

வேம்புலியம்மாள் விரிப்பை மூட்டையின்மேல் திரும்ப வைத்தாள். அருகே நின்ற பூபாலன் நீலத்தில் வெண்புள்ளியிட்ட துண்டொன்றை எடுத்தான். பெருவிரலால் அதை நெடுநேரம் வருடினான். பின்னர் எவர் முகமும் நோக்காது மாடிப்படி ஏறிச் சென்றான். பிழை செய்துவிட்டோமோ என்று ரேணுகா எழ முற்பட, ஷர்மிளா அவள் கையைப் பற்றினாள்.

"அழுவட்டும் அக்கா. என் எதுருல ஒரு நாளும் அழுததில்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

மேலிருந்து ஆண்மகன் ஒருவனின் விம்மல் இறங்கி வந்தது. பிறர் இல்லத்து விருந்தின் மணத்தை வெளியே நின்று நுகரும் பசித்தவள்போல் ரேணுகா அதைக் கேட்டிருந்தாள்.

மறுமாதம் பெண்மகவு பிறந்தது. காணச் சென்ற ரேணுகாவின் மடியில் ஷர்மிளா குழந்தையைக் கிடத்தினாள். அதன் இளஞ்சூடு தங்கையின் துணிவழியே தொடையில் ஊறிற்று. உள்ளமோ அப்போதும் உருகவில்லை. சிறிது பொழுதில் குழந்தை துணியை நனைத்துச் சிணுங்கியது. ரேணுகா ஈரத்தைக் களைந்து, மெல்லத் துடைத்து, உலர்ந்த மற்றொன்றை விரித்துக் கிடத்தினாள். சிணுங்கல் அடங்கி அது கண்வளர்ந்தது.

நெஞ்சில் ஊற்றெடுத்துக் கைக்கு வருவதே அன்பின் வழி என்பர், நல்லோரே. சிலரிடத்து அது நெஞ்சின் கதவு அடைபட்டுக் கிடக்கையிலும் கையிலேயே தங்கி, ஊசி பிடித்து, ஈரம் மாற்றி, ஓசையின்றிப் பணிசெய்து வாழும். அக்கதவு ஒருநாள் திறக்கவும் கூடும், திறவாதொழியவும் கூடும். குழந்தைக்கோ, விரிப்பு உலர்ந்திருந்ததே போதுமாயிருந்தது.