காந்தமா, இல்லையா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையிலேயே பதிந்த பார்சல் ராஜபாளையம் கூரியர் ஆபீசில் மேசைக்கடியில் கிடந்தது. பார்சல் ஏறவில்லை என்று போன் வந்ததும் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் பிடித்து ஓடிவந்திருந்தாள் இயற்பியல் பேராசிரியை இவாஞ்சலின். மும்பை அணு ஆராய்ச்சி உலையில் வியாழன் முதல் மூன்று நாள் அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒன்றரை வருடம் காத்திருந்து கிடைத்த நாட்கள். விமான நிலையத்துக்குப் போகும் நாலு மணி வண்டியில் பார்சலில் உள்ள படிகம் ஏறாவிட்டால் அத்தனையும் வீண்.

"காந்தம்னு எழுதியிருக்கீகளே டீச்சர். காந்தத்தை விமானத்துல ஏத்த மாட்டாக," என்றார் கவுண்டரிலிருந்த பால்பாண்டி.

"காந்த ஆய்வுக்கான பொருள்னுதான் அண்ணாச்சி எழுதினேன்!"

அவர் சாவிக்கொத்தை எடுத்து பார்சல் டப்பாவின் பக்கவாட்டில் வைத்தார். வழுக்கி விழுந்தது.

"ஒட்டலையே. பொறவு என்ன ஆராய்ச்சி?"

இவாஞ்சலின் பல்லைக் கடித்துக்கொண்டாள். "நல்லாக் குளிரவச்சா உள்ளுக்குள்ள குட்டிக் காந்தம் ஒண்ணு மேல பாக்கும், பக்கத்துல உள்ளது கீழ பாக்கும். ஒண்ணோட பலத்தை இன்னொண்ணு அழிச்சிரும். வெளிய ஒண்ணுமே தெரியாது. நியூட்ரானை உள்ள விட்டு, அது எந்தப் பக்கம் சிதறுதுன்னு பாத்தாத்தான் தெரியும்."

தளவாய்புரத்திலிருந்து நைட்டி மூட்டையோடு வந்து வரிசையில் நின்ற கனகலட்சுமி சிரித்தாள். "என் ரெண்டு மருமகளும் அப்படித்தான் டீச்சரம்மா. தெருவுல போறவனுக்கு வீடு அமைதியாத் தெரியும்."

"ஆக, உள்ள காந்தம் இருக்கு?" பால்பாண்டி விடவில்லை.

"இருக்குன்னு நிரூபிக்கத்தான் அனுப்புதேன்!"

"அப்ப இன்னும் நிரூபிக்கலை?"

"ஐயோ!"

"ஏலே பால்பாண்டி, மணி நாலாகப் போகுது. அந்தப் புள்ளைய அழ விடாத," என்றாள் கனகலட்சுமி.

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். 'பொருள் காந்தம் அல்ல என உறுதி கூறுகிறேன்.' மூன்று வருடமாக, அது காந்தம்தான் என்று மேடை மேடையாகச் சண்டை போட்டவள் அவள். 'அறை வெப்பநிலையில்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதென்ன புதுசா? அதை அடிச்சிருங்க. சிஸ்டத்துல கட்டமே ரெண்டுதான். ஆமா, இல்லை."

வெளியே வண்டி உறுமியது. அடித்தாள். ஒரே இழுப்பில், தாள் கிழிகிற மாதிரி.

"காந்தமா டீச்சர்?"

"இல்லை அண்ணாச்சி. இல்லவே இல்லை. மொதல்ல ஏத்துங்க!"