குங்குமம் பட்ட ஒரு வெள்ளி

1

கதை தேடி நான் மலாக்காவின் காஜா பெராங்குக்குப் போகவில்லை. பழைய நோட்டு வாங்கத்தான் போனேன். கோகிலா தன் அப்பா கலியாணசுந்தரத்தின் ஆல்பத்தை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, ராணி தலை நோட்டு, எல்லாம் மடிப்பில்லாமல் இருந்தன. கடைசிப் பக்கத்தில், சுதந்திரம் வந்து பத்து வருடம் கழித்து நாடு தன் பெயரில் முதன்முதலாக அடித்த ஒரு வெள்ளியும் அஞ்சு வெள்ளியும்.* இரண்டிலும் குங்குமக் கறை. கறை பட்ட நோட்டு எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களுக்கு ஆகாது. சாயாக் கடையில் கொடுக்கத்தான் லாயக்கு.

"இத மட்டும் விக்கலீங்க அங்கிள். அம்மா வேல இது," என்றார் கோகிலா.

நோட்டை விட்டுவிட்டுக் கதையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

(* வெள்ளி என்றால் மலேசியப் பணம். ரிங்கிட் என்று எழுதினால் கலியாணசுந்தரத்துக்குப் புரியும், ஆனால் பிடிக்காது.)

2

தொடக்கம் ஒன்று: புதிய தேசத்தின் பொன்விடியல் மலாக்கா ஆற்றின் மீது

(வேண்டாம். புது நோட்டு வாங்க பேங்க் வரிசையில் நின்ற கலியாணசுந்தரத்துக்கு அன்று கால்வலிதான் தெரிந்தது.)

தொடக்கம் இரண்டு: மடிப்பு விழுந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்து, வேறு கேட்டு, பேங்க் கவுண்டரில் இருந்த கிராணியிடம் திட்டும் வாங்கி, கலியாணசுந்தரம் இரண்டு புது நோட்டுகளோடு வீடு வந்தார். நோட்டை விரலால் தொடாத மனிதர். இடுக்கியால்தான் எடுப்பார். ஒரு வெள்ளியை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அஞ்சு வெள்ளி உறைக்குள்ளேயே இருந்தது.

பூங்காவனம் அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். புதுசாக எது வீட்டுக்குள் வந்தாலும் பொட்டு வைத்துச் சாமிப் படத்தின் முன் வைப்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். சைக்கிளுக்கு வைத்திருக்கிறாள், அரிசி மூட்டைக்கு வைத்திருக்கிறாள். நாடே புதுசாக அடித்த பணத்தைச் சும்மா விடுவாளா?

3

"இத யாரு எடுத்தது?"

"நாந்தாங்க. சாமிக்கிட்ட வச்சி எடுத்தேன், நல்லா பெருகட்டும்னு."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து முந்தானையால் துடைத்தாள். கறை இன்னும் பரவியது.

"கெட்டுப் போச்சாங்க?"

இந்தக் கேள்வியில்தான் என் பேனா நின்றுவிட்டது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசினாலும் போதும், அந்த வீட்டில் எதைத் தொடவும் பயந்தே அவள் வாழ்ந்து தீர்ப்பாள்.

முதலில் அவரைக் கத்தவிட்டேன். பூங்காவனம் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு பஸ்சுக்கு

(இந்த வரியை அடித்துவிட்டேன். அந்தப் பெண்ணை அழவைத்துத்தான் என் கதை பிழைக்க வேண்டுமா?)

பிறகு அவரைச் சிரிக்கவைத்தேன். அதுவும் பொய். அவ்வளவு ஆசைப்பட்ட மனுஷன் உடனே எப்படிச் சிரிப்பார்?

4

நடந்ததையெல்லாம் மகளிடம் சொன்ன பூங்காவனம், அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை மட்டும் சொன்னதே இல்லையாம். "கேட்டா, சிரிச்சிக்கிட்டே அடுப்படிக்குப் போயிடுவாங்க," என்றார் கோகிலா. இப்போது இருவருமே இல்லை.

எனக்கு மிச்சம் அந்த இரண்டு நோட்டுகளில் நான் பார்த்ததுதான். ஒரு வெள்ளியின் மூலையில் சின்னப் பொட்டு, சுற்றிலும் துடைத்த தடம். அஞ்சு வெள்ளியில் இருப்பது பொட்டு இல்லை. குங்குமம் தோய்ந்த ஓர் ஆணின் கட்டைவிரல் நடு நோட்டில், ரேகை தெரிய, அழுத்திப் பதிந்திருக்கிறது. இடுக்கி இல்லாமல் நோட்டைத் தொடாதவரின் விரல்.

அதைப் பதித்தபோது அவளிடம் என்ன சொன்னார் என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதிப் பாருங்கள். ஒன்றே ஒன்று: அதைக் கேட்டுப் பூங்காவனம் சிரிக்க வேண்டும். சாகும்வரை அதை யாரிடமும் சொல்லாமல் தனக்கென்றே வைத்துக்கொள்ளவும் வேண்டும்.