மாப் துவைக்கிற யோசனை

காசு வாங்காமல் வகுப்பு நடத்துகிறார்கள் என்றதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நூலகத்து மாடியில் ஆறு ஞாயிற்றுக்கிழமை. மனசில் ஒரு தொழில் யோசனை இருந்தால் போதுமாம், அதை நடத்திக் காட்ட வழி சொல்வார்களாம்.

"நம்ம யோசனையைக் கறந்துக்கிட்டு அனுப்பிருவாங்க. பார்த்துப் பேசு," என்றான் கணவன். அவன் சொல்லாவிட்டாலும் அவள் அப்படித்தான். பதினோரு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாகக் கூட்டித் துடைத்ததில், யாரையும் ஒருமுறைக்கு இருமுறை உற்றுப் பார்க்கப் பழகியிருந்தாள்.

யோசனை சின்னதுதான். எந்தக் கட்டடத்திலும் தரை துடைக்கிற மாப்பை ஈரத்தோடு மூலையில் சாத்திவிடுகிறார்கள். மறுநாள் அது நாறும். அதைக்கொண்டு துடைத்த தரையும் நாறும். சாயங்காலம் அழுக்கு மாப்பை வாங்கிப்போய், காலையில் துவைத்துக் காய்ந்ததைக் கொண்டுவந்து கொடுத்தால்? நாற்றத்தை எடுக்கிற பக்குவம் அவள் கைக்குத் தெரியும். வேறு எவருக்கும் தெரியாது.

முதல் நாளே ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள் டீச்சர். 'உங்கள் யோசனையை எழுதவும்.' முப்பத்தெட்டு வயதில் எழுதப் பழகியவள், பேனாவை இறுக்கிப் பிடித்தாள். பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் எழுத்துக்கூட்டி எழுதினாள்: 'கொசுவலை தைப்பது.'

அதன்பின் வாராவாரம் பாடாய்ப் பட்டாள்.

"அக்கா, வலைத்துணி எங்க வாங்குவீங்க?"

"கடையிலதான் டீச்சர்."

"எந்தக் கடை?"

"பெரிய கடை."

வகுப்பே சிரித்தது. இந்த டீச்சர் ஏன் இத்தனை தோண்டுகிறாள் என்று அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் டீச்சர் சொன்னதையெல்லாம் மாப்புக்கு மாற்றி மனசுக்குள் முடிந்துகொண்டாள்: முதலில் கொஞ்சமாகச் செய்து காட்டு, பிறகு பெரிதாகக் கேள்.

கடைசி ஞாயிறு, மூன்று கட்டடங்களின் மேனேஜர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிடித்துப்போனால் இன்றைக்கே சோதனைக்கு வேலை தருவார்களாம். மாப் வைத்திருக்கிற ஆட்களே இவர்கள்தான். வாயைத் திறந்தால் ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் இவர்களை இனி எங்கே போய்ப் பிடிப்பது? வாசல் காவலாளியே உள்ளே விடமாட்டான்.

முதலில் எழுந்தவர், இத்தனை வாரமும் தன் யோசனையை வெளியில் சொல்லாத கண்ணாடிக்காரர். "என் யோசனை கொசுவலை," என்றார் கூசாமல்.

"எங்க ஆபீஸ்ல ஜன்னலே திறக்காது. கொசு எங்கிருந்துய்யா வரும்?" என்றார் மீசைக்கார மேனேஜர். கண்ணாடிக்காரர் தொப்பென்று உட்கார்ந்தார்.

திருடியும் திருடினான், பொய்யைத் திருடினானே! அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் டீச்சரின் பார்வை அவள்மேல் விழுந்தது.

"அக்கா, உங்களுதும் அதேதானே? யாரைப் பார்த்து யார் எழுதினீங்க?"

மொத்த வகுப்பும் அவளைத் திரும்பிப் பார்த்தது. இன்றைக்கு முந்திச் சொன்னதால் அவர் யோக்கியர், வாராவாரம் சொன்ன அவள் திருடியா! அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்தாள்.

"நான் எழுதினது பொய் டீச்சர். உங்கமேல நம்பிக்கை இல்லை. என் யோசனை வேற."

மாப் கதையைச் சொன்னாள். மீசைக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நாத்தத்தை எப்படி எடுப்பீங்க?"

"அதைச் சொல்லமாட்டேன். ஆறு மாப் குடுங்க சார். நாளைக்குக் காலையில நீங்களே மோந்து பாருங்க."

"மாப்போட நீங்க ஓடிட்டா?"

"நாறுற மாப்பைத் தூக்கிக்கிட்டு எங்க சார் ஓடுறது? நாயே துரத்தும்."

மேனேஜர் சிரித்தே விட்டார். வகுப்பு முடிந்ததும் தன் கட்டடத்துக்கே கூட்டிப்போய் ஆறு மாப்பை எடுத்துக் கொடுத்தார்.

மாப்புகளைக் கட்டிச் சுமந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், அங்கே கண்ணாடிக்காரர்.

"குடு தங்கச்சி, ரெண்டை நான் தூக்குறேன். தண்ணித் தொட்டி தெருவுலதானே வீடு?"

தெருப் பேரை அவள் இவரிடம் சொன்னதே இல்லை.

"வேணாம்ணே," என்று சுமையை மறுதோளுக்கு மாற்றினாள். பஸ் வந்தது. அவர் ஏறிப்போகட்டும் என்று தான் ஏறாமல் நின்று, அந்த பஸ் கண்ணைவிட்டு மறைந்த பிறகுதான் அடுத்த பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.