பொறுப்பில் இருந்த கோட்டு

மகளின் கல்யாண நாள் காலையில் தூதர் ஞானாபரணம் வீடு வந்து சேர்ந்தபோது, தகப்பன் பொறுப்பில் அவருடைய பழைய பழுப்புக் கோட்டு இருந்தது. அதில் அவருக்கு ஆச்சரியமில்லை. தூதர் இல்லாத இடத்தில் வேறொருவர் தற்காலிகமாகப் பொறுப்பு வகிப்பது முறைதான். தூதர் வந்து நியமனப் பத்திரம் கொடுத்ததும் மற்றவர் விலகிக்கொள்வார்.

மகள் பியூலாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போகத்தான் அவர் வந்திருந்தார். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

வாசலிலிருந்து கூடத்துக்குப் போகும் நடை, அவர் நடக்க நடக்க நீண்டது. இருபுறமும் குடும்பப் படங்கள். ஞானஸ்நானம், பள்ளி ஆண்டு விழா, பட்டமளிப்பு. எல்லாவற்றிலும் கோட்டு ஹேங்கரில் நிமிர்ந்து நின்றது. கூடத்தை எட்டியபோது அவர் தலை முழுதும் நரைத்திருந்தது.

மனைவி ரெபேக்காள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியளா. பத்திரம் எங்க?"

"என்ன பத்திரம்?"

"உங்களுக்குத் தெரியாத முறையா? உங்கள இங்க அனுப்புனது யாரு?"

அவர் யோசித்தார். போன நாடுகளுக்கெல்லாம் யாரோ அவரை அனுப்பியிருந்தார்கள்.

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"அப்பம் நாங்க எப்பிடி ஏத்துக்கிட முடியும்?"

"ரெபேக்கா, ரெண்டு நாட்டுக்கு ஆத்துத் தண்ணியப் பங்கு வச்சுக் குடுத்தவன் நான். சண்டையே நின்னுது."

"தபால்தலையில உங்க படத்தப் பாத்தோம். நல்லாத்தான் இருந்துது. பியூலாவுக்கு டைபாய்டு வந்தப்போ கட்டில் பக்கத்துல நின்னது அவுகதான்." அவள் பக்கத்தில் நின்ற கோட்டைப் பார்த்துத் தலை தாழ்த்தினாள். "ஒரு நாளும் முகஞ்சுளிச்சதில்ல."

"அதுக்கு முகமே கிடையாதே."

"அந்த ஏச்செல்லாம் இங்க வேண்டாம்."

பியூலா வெள்ளைச் சேலையில் வந்தாள். "குறையா நெனைக்காதீங்க ஐயா. வெளிநாட்டு விருந்தாளிங்க வரிசையில உங்களுக்கு மொதல் நாற்காலி. மொழிபெயர்க்கவும் ஆள் வச்சிருக்கேன்." பிறகு கோட்டின் பக்கம் திரும்பினாள். "போலாமாப்பா?"

கோட்டின் நடுப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஊசி இருக்கா?" என்றார் ஞானாபரணம். "கல்யாணத்துக்கு இப்பிடிப் போகக்கூடாது."

வெளிநாட்டு அறைகளில் தனியே இருந்து பொத்தான் தைத்துப் பழகிய கை. ஊசி வந்ததும் தைத்தார். உள்ளே விரலை விட்டபோது கோட்டு கதகதப்பாக இருந்தது. அவர் குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். அந்த நேரம் அதன் காலிக் கை அவர் தோளில் வந்து கிடந்தது. அவர் அதைத் தள்ளவில்லை.

கோயிலில் முதல் நாற்காலி மெத்தென்று இருந்தது.

"இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?" என்று குருவானவர் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் குனிந்து, அந்தக் கேள்வியை வேறொரு நாட்டுப் பாஷையில் அவர் காதில் மரியாதையாகச் சொல்லி முடித்தார். ஞானாபரணம் வாயைத் திறந்தார்.

அதற்குள் கோட்டு கையை உயர்த்திவிட்டது.

நடுப் பொத்தான் இழுபட்டது. அவர் தைத்த நூல் விடவில்லை.