இடம் மாறிய விலைச்சீட்டு

பழைய பொருள் கடையின் கடைசி வரிசையில் கணக்கு டீச்சர் ஒரு தோல் கைப்பையைப் பிடித்தபடி நின்றாள். யாரோ தானமாகக் கொடுத்த பை. புதுக்கருக்குக்கூடக் கலையவில்லை. ஊக்கில் குத்திய சீட்டில் நானூறு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கிடந்த கிழிந்த துணிப்பைக்கு நாற்பது. டீச்சர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு ஊக்கையும் கழற்றி மாற்றிக் குத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. போன மாதம் ஒரு கம்பளி, அதற்கு முன்னால் ஒரு மேசை விளக்கு. கடையில் வரும் காசு ஏழை நோயாளிகளின் மருந்துக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். 'ஊரையே அடிச்சு உலையில போடுறவங்க நிம்மதியா இருக்காங்க. நான் என்ன மலையையா பெயர்த்துட்டேன்?' என்று மனசுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தாள்.

கடை மேலாளர் சீட்டைக் கழற்றிப் பார்த்து முகம் சுளித்தார். "இந்தப் பைக்கா நாற்பது? சரி, எழுதினது எழுதினதுதான். எடுத்துக்கோங்க டீச்சர்."

வீட்டில் கணவருக்கு ஒரே பெருமை. "என் பொண்டாட்டி கல்லுலயும் நார் உரிப்பா!"

இரண்டு வாரம் கழித்துப் போனபோது, வாசலோர மேசையில் உட்கார்ந்து விலைச்சீட்டு எழுதும் அக்காவைக் காணோம். எல்லோருக்கும் அவர் அக்காதான். டீச்சர் வந்தால் நல்ல துணியாக எடுத்துக் காட்டுவார்.

"அக்கா லீவா சார்?"

"நிறுத்திட்டோம் டீச்சர். பாவம், கண்ணு மங்கிப்போச்சு. கிழிஞ்ச துணிப்பையில நானூறுன்னு குத்தியிருக்காங்க, உங்க தோல் பையில நாற்பது! 'நான் சரியாத்தான் குத்தினேன்'னு முதல்ல சண்டை போட்டாங்க. ரெண்டு சீட்டையும் காட்டினேன். அவங்க கையெழுத்துதானே? வாயடைச்சுப் போயிட்டாங்க."

டீச்சர் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வகுப்பில், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடை எழுதிய ஒரு பெண்ணைத் திட்ட வாய் திறந்தவள், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்காம் நாள் முகவரி விசாரித்து அக்காவின் வீட்டுக்கே போனாள்.

மாடியில் ஒற்றை அறை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த மகள், "வாங்க டீச்சர். அம்மாவை இப்ப கத்தி, அடுப்பு எதையும் தொட விடுறதில்ல" என்றாள்.

"டாக்டர் கண்ணு நல்லாத்தான் இருக்குங்கறார்" என்றார் அக்கா மெதுவாக. "எனக்குத்தான் பயமா இருக்கு. படி இறங்கக்கூட இவ கையைப் பிடிச்சுக்கறேன்."

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லக்கா." என்றாள் டீச்சர். "சீட்டை மாத்திக் குத்தினது நான்தான்."

மகளின் கத்தி பாதிக் காயில் நின்றது. "நீங்க டீச்சர்தானே?" என்றாள். டீச்சர் அக்கா பக்கம் திரும்பினாள். "குறைச்ச காசையெல்லாம் கட்டிடறேன்கா, மன்னிச்சிடுங்க" என்று அழுதாள்.

அக்கா எழுந்து செருப்பை மாட்டினார். "இதை இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குக் கண்ணு தெரியலன்னு எங்க சொன்னாங்களோ அங்க வந்து சொல்லுங்க."

மகள் நீட்டிய கையைப் பிடிக்காமலே அவர் படி இறங்கினார்.

கடையில் அன்று நல்ல கூட்டம். டீச்சர் தனியாகச் சொல்லிவிடலாம் என்று மேலாளரின் காதருகே குனிந்தாள். "சத்தமா சொல்லுங்க" என்றார் அக்கா. சொன்னாள். கம்பளி, விளக்கு, பை எல்லாவற்றையும் சொன்னாள். தெரிந்த முகங்கள் திரும்பிப் பார்த்தன. மேலாளர் தலை குனிந்து, "நானும் தீர விசாரிக்காம விட்டுட்டேன், அக்கா. நீங்க உங்க இடத்துல உட்காருங்க" என்றார்.

அக்கா மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"என்னை மன்னிச்சிட்டீங்களா அக்கா?"

"அதுக்கு நாளாகும் டீச்சர். காசு போனா கட்டிடலாம். இத்தனை நாளா நான் என் கண்ணையே நம்பலையே, அதை எப்படிக் கட்டுவீங்க?" அக்கா நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். "சின்னத் தப்புன்னு ஒண்ணு கிடையாது. நீங்க குறைச்சுக்கிட்ட விலையை, உங்களுக்குத் தெரியாம யாரோ ஒருத்தர் முழுசா கொடுத்துக்கிட்டுதான் இருப்பாங்க."